மஹல்லாவில் ஒரு நடை

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டவுன்டவுன் பாதை ரயிலில் ஏறும் தமிழ்க் குடும்பங்களுக்கு லிட்டில் இந்தியா நிலையம் நன்கு பழக்கமானது. தீபாவளிக்குப் புத்தாடை வாங்கவும், பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கவும் பலர் அங்கேதான் இறங்குகிறார்கள். அதற்கு அடுத்த நிலையம் ரோச்சோர். இந்த இரண்டு நிலையங்களுக்கும் வாட்டர்லூ ஸ்திரீட்டிற்கும் இடைப்பட்ட பகுதியை ஒரு முற்பகலுக்குள் நடந்தே பார்த்துவிடலாம். அவ்வாறு நடப்பவர்கள், ஒரு காலத்தில் அங்கு நெருங்கி வாழ்ந்த யூதச் சமூகத்தின் சுவடுகளைக் காணலாம்.

சிலிகி சாலை, வில்கி சாலை, சோஃபியா சாலை, மிடில் சாலை, வாட்டர்லூ ஸ்திரீட் ஆகியவற்றைச் சுற்றியிருந்த அந்தக் குடியிருப்பை யூதர்கள் ‘மஹல்லா’ என்று அழைத்தனர். இது அரபுச் சொல். குடியிருப்பு வட்டாரம் என்பது இதன் பொருள். தமிழ் முஸ்லிம்களும் ஒரு பள்ளிவாசலைச் சார்ந்து வாழும் குடும்பங்களின் பகுதியை மஹல்லா என்றே சொல்வார்கள். பாக்தாத்திலிருந்து புறப்பட்ட யூதர்களின் பேச்சுமொழி அரபு. அதனால், அவர்கள் சென்ற இடத்திற்கு அந்தச் சொல்லும் உடன் வந்தது.

ஒரு சாலையின் பெயர்

சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை அறியாத தமிழர் சிங்கப்பூரில் குறைவு. அக்கோயிலுக்கு அருகில் பெலிலியோஸ் சாலை என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. தமிழ்ப் பெயர்களும் மலாய்ப் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும் நிறைந்த அந்த வட்டாரத்தில் இப்பெயர் சற்று வேறுபட்டு ஒலிக்கிறது. கல்கத்தாவிலிருந்து வந்து இங்குக் கால்நடை வணிகம் செய்த ஐ. ஆர். பெலிலியோஸ் என்ற யூதரின் பெயர் அது.

அந்நாளில் இப்பகுதி மாட்டுக் கொட்டகைகள் நிறைந்ததாக இருந்தது. பக்கத்தில் உள்ள பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அதற்குச் சான்றுகள். ‘கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமை. கால்நடைத் தொழிலில் ஈடுபட்ட இந்தியர் பலர் இங்குக் குடியேறினர். இன்றைய லிட்டில் இந்தியா உருவானதற்கு அத்தொழிலும் ஒரு காரணம். ஆகவே, யூத வணிகர் ஒருவரின் கதையும் தமிழர் குடியேறிய கதையும் இச்சாலையில் சந்திக்கின்றன.

கல்கத்தா வழியாக வந்தவர்கள்

சிங்கப்பூருக்கும் யூதர்களுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் இங்கு வந்திறங்கியது 1819ஆம் ஆண்டு. 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்பது யூத வணிகர்கள் இங்கு இருந்ததாகப் பதிவாகியுள்ளது. அக்காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பாக்தாத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். அவர்களில் பலர் நேரே இங்கு வரவில்லை. முதலில் பம்பாயிலோ கல்கத்தாவிலோ குடியேறி, பிறகு ஆங்கிலேயரின் வணிகக் கப்பல்கள் சென்ற வழியில் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்கிற்கும் சென்றார்கள்.

இந்தியாவில் யூதர் என்றதும் பலருக்குக் கொச்சி நினைவுக்கு வரும். அங்கே மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் இன்றும் உள்ளது. ஆனால், கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலபார்க் கரையில் வாழ்ந்து மலையாளம் பேசியவர்கள். சிங்கப்பூர் மஹல்லாவின் யூதர்கள் வேறொரு கிளையினர். அரபு மொழி பேசிய அவர்கள் இங்கு வந்தபின் சந்தை மொழியான மலாயையும் கற்றுக்கொண்டனர்.

தொடக்ககால யூத வணிகர்கள் துணி, நறுமணப் பொருள்கள் முதலியவற்றோடு அபினியையும் விற்றார்கள். அபினி வணிகம் அன்று சட்டத்திற்கு உட்பட்டது. ஆங்கிலேய, சீன, இந்திய வணிகர்களும் அதில் ஈடுபட்டனர். அதனால் பலர் செல்வந்தர் ஆனார்கள்; எண்ணற்ற ஏழைத் தொழிலாளர்கள் உடல்நலத்தையும் பொருளையும் இழந்தார்கள். துறைமுக நகரின் வளர்ச்சியைப் பற்றிப் படிக்கும்போது இந்த உண்மையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நட்சத்திரம் பதித்த கட்டடங்கள்

லிட்டில் இந்தியாவிலிருந்து சிலிகி சாலையை நோக்கி நடந்தால், புக்கிட் தீமா சாலையைச் சந்திக்கும் முனையில் வளைந்த முகப்புடைய ஒரு கட்டடம் தெரியும். அதுதான் எலிசன் கட்டடம். ருமேனியாவைப் பூர்விகமாகக் கொண்ட ஐசக் எலிசன் என்ற யூதர் தம் மனைவி ஃபுளோராவுக்காக இதைக் கட்டினார். முகப்பின் மேற்பகுதியில் 1924 என்ற ஆண்டும் ஆறு முனைகளைக் கொண்ட ஒரு நட்சத்திரமும் உள்ளன.

அந்த நட்சத்திரம் தமிழ் மாணவர்களுக்குப் புதியதன்று. இரண்டு முக்கோணங்கள் பின்னிய அறுகோண வடிவத்தை முருகன் வழிபாட்டிலும் வாசலில் இடும் கோலத்திலும் அவர்கள் பார்த்திருப்பார்கள். யூதர்கள் அதைத் ‘தாவீதின் நட்சத்திரம்’ என்கிறார்கள். தாவீது அவர்களுடைய பண்டைய அரசர். வடிவம் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. ஒரு சின்னத்தைப் பார்த்தவுடன் தெரிந்ததாக எண்ணிக் கடந்து செல்லாமல், அதை இங்குப் பதித்தவர் யார், என்ன நினைத்துப் பதித்தார் என்று கேட்பவரே வரலாற்றைக் கற்கத் தொடங்குகிறார்.

சிலிகி சாலையில் மேலும் சில நிமிடங்கள் நடந்தால் மிடில் சாலையின் சந்திப்பு வரும். அங்கு 1928ஆம் ஆண்டில் எழுந்த டேவிட் இலியாஸ் கட்டடம் நிற்கிறது. அதன் முகப்பிலும் அதே நட்சத்திரம் இருக்கிறது. கீழே கடைகள், சாலையில் ஓயாத பேருந்துகள், நிழலுக்கு ஒதுங்கி நடக்கும் மக்கள். ஐந்தடிப் பாதையில் நடப்பவர் கண்ணில் அந்த நட்சத்திரம் படாது. எதிர்ப்பக்கம் நின்று தலையை உயர்த்திப் பார்த்தால்தான் தெரியும்.

நடந்து செல்லும் தூரம்

யூதர்கள் ஏன் இந்த வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்தார்கள்? வாடகை, தொழில், உறவு என்ற காரணங்கள் இருந்தன. அவற்றோடு சமய நெறி சார்ந்த காரணம் ஒன்றும் இருந்தது. யூதர்களின் ஓய்வு நாள் ‘சபாத்’. அது வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் வேளையில் தொடங்கிச் சனிக்கிழமை இரவு முடிகிறது. அந்த நாளில் நெறியைக் கடைப்பிடிப்பவர்கள் வேலை செய்ய மாட்டார்கள். பணத்தைக் கையாள மாட்டார்கள். வாகனத்தில் செல்ல மாட்டார்கள். ஆனால், அன்றுதான் முக்கியமான கூட்டு வழிபாடு நடக்கும். கூட்டு வழிபாடு முழுமை பெற மரபுப்படி பத்து ஆண்களாவது சேர வேண்டும். எனவே, வழிபாட்டு இல்லத்திற்கு நடந்து செல்லும் தூரத்திலேயே வீடு இருக்க வேண்டியிருந்தது. வேறுவகையில் சொன்னால், மஹல்லாவின் எல்லையை மனிதர்களின் கால்களே அளந்தன.

யூதர்களின் வழிபாட்டு இல்லம் ‘சினகாக்’ எனப்படும். சிங்கப்பூரின் முதல் சினகாக் ஆற்றங்கரையான போட் கீக்கு அருகில் ஒரு கடைவீட்டில் இயங்கியது. சுமார் நாற்பது பேர் அமரக்கூடிய சிறிய இடம் அது. அந்தத் தெரு பின்னர் சினகாக் ஸ்திரீட் என்று பெயர் பெற்றது. வணிகர்கள் ஆற்றங்கரையை விட்டுச் சற்று உள்ளே குடியேறியபோது வழிபாட்டு இல்லமும் இடம் மாற வேண்டியதாயிற்று. 1878ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ‘மகேன் அபோத்’ சினகாக் திறக்கப்பட்டது. ‘முன்னோரின் கேடயம்’ என்பது அப்பெயரின் பொருள். தென்கிழக்காசியாவில் இன்றுவரை நிலைத்திருக்கும் சினகாக்குகளுள் இதுவே மிகப் பழையது. 1998ஆம் ஆண்டில் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அதன் உள்ளே உருவச்சிலைகள் கிடையா. கூடத்தின் நடுவில் ஓர் உயர்ந்த மேடை உண்டு. அங்கு நின்றுதான் தோரா என்னும் திருமறையை வாசிப்பார்கள். தோரா கையால் எழுதப்பட்ட சுருளாக இருக்கும். அச்சுருள்களை வைக்கும் பேழை ஜெருசலத்தின் திசையில், அதாவது மேற்குப் பக்கத்தில் அமைந்துள்ளது. ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வார்கள். பெண்களுக்கு மாடியில் இடம் இருக்கிறது. இது இன்றும் வழிபாடு நடக்கும் இடம் என்பதால், உள்ளே செல்ல விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

மிடில் சாலை வழியாக வந்து வாட்டர்லூ ஸ்திரீட்டை அடைபவர் வலப்பக்கம் திரும்பினால் சினகாக்கைக் காணலாம். இடப்பக்கம் திரும்பினால் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், அதனருகே குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் இருக்கின்றன. 1870ஆம் ஆண்டில் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கியது கிருஷ்ணன் கோயில். சீனக் கோயில் 1884ஆம் ஆண்டில் எழுந்தது. அங்கு வரும் சீனப் பக்தர்கள் பலர் கிருஷ்ணன் கோயிலின் முன்னும் ஊதுபத்தி ஏற்றி வணங்குவதை இன்றும் பார்க்கலாம். அடுத்த தெருவில் பென்கூலன் பள்ளிவாசல். அதற்கு எதிர்ப்புறம் உள்ள குவீன் ஸ்திரீட்டில் கத்தோலிக்கத் தேவாலயம். சில நிமிட நடையில் இத்தனை சமயங்களின் வழிபாட்டு இடங்கள்! அவை திட்டமிட்டு ஓரிடத்தில் அமைக்கப்பட்டவை அல்ல. தத்தம் மக்கள் வாழ்ந்த இடத்தில் தத்தம் வழிபாட்டு இல்லங்களை எழுப்பினார்கள். மக்கள் அண்டை வீட்டாராக வாழ்ந்ததால் அவையும் அண்டையில் அமைந்தன.

செல்வரும் எளியவரும்

அன்றைய யூதச் சமூகத்தில் மிகவும் புகழ்பெற்றவர் சர் மனாசே மேயர். பாக்தாத்தில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த அவர், இளமையிலேயே சிங்கப்பூருக்கு வந்தார். வணிகத்திலும் நிலம், கட்டடம் ஆகியவற்றிலும் பெரும் செல்வம் ஈட்டினார். மகேன் அபோத் சினகாக்கில் இடம் போதாமல் போனபோது, ஆக்ஸ்லி ரைஸ் பகுதியில் தம் மாளிகையை ஒட்டி ‘செசட் எல்’ என்ற இரண்டாவது சினகாக்கை 1905ஆம் ஆண்டில் கட்டினார். அதுவும் இன்று தேசிய நினைவுச்சின்னம். கிழக்குக் கடற்கரைப் பகுதியில் உள்ள மேயர் சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1922ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் ஜப்பான் செல்லும் வழியில் அறிவியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் சிங்கப்பூரில் இறங்கினார். ஜெருசலத்தில் உருவாகவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்திற்கு நிதி திரட்டுவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. அதற்காக அவர் மேயரைச் சந்தித்தார். உலகம் போற்றிய அறிஞர் ஒருவர் உதவி நாடி வரும் அளவுக்கு இந்தச் சிறிய தீவின் சிறிய சமூகம் வளர்ந்திருந்தது.

ஆனால், மஹல்லாவில் வாழ்ந்த எல்லாரும் மேயரைப் போன்றவர்கள் அல்லர். செல்வந்தர்கள் ஆக்ஸ்லி ரைஸிலும் கிழக்குக் கடற்கரையிலும் மாளிகைகளில் வசித்தார்கள். சிறு வியாபாரிகளும் எழுத்தர்களும் வருமானம் குறைந்த குடும்பங்களும் மஹல்லாவின் கடைவீடுகளில் வாழ்ந்தார்கள். ஒரு சமூகத்தை அதன் செல்வந்தர்களை மட்டும் கொண்டு அளந்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். சாலைப் பலகைகளிலும் கட்டட முகப்புகளிலும் இடம்பெறுபவை பெரும்பாலும் பொருள் படைத்தவர்களின் பெயர்களே. அந்தக் கடைவீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களின் பெயர்களை எந்தச் சுவரும் சொல்வதில்லை.

வெறுமையான வீடுகள்

இரண்டாம் உலகப்போருக்கு முன் சிங்கப்பூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள். 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. போர் நெருங்கும்போதே சிலர் கப்பலேறி இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். எஞ்சியவர்களில் ஆண்கள் பலர் 1943ஆம் ஆண்டில் சாங்கியில் அடைக்கப்பட்டனர். பின்னர், பெண்களும் குழந்தைகளும்கூட சைம் சாலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

போர் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்குப் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்கவில்லை. பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா, இஸ்ரேல் ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல மஹல்லாவில் யூதக் குடும்பங்கள் அருகின. மஹல்லா என்ற பெயரும் பேச்சில் மறைந்தது. ஒரு சமூகம் ஒரே நாளில் மறைவதில்லை. ஒரு குடும்பம் புறப்படுகிறது. பக்கத்து வீட்டார் வழியனுப்புகிறார்கள். அந்த வீட்டிற்கு வேறு குடும்பம் வருகிறது. சில பத்தாண்டுகளுக்குப் பிறகு, அங்கு யார் இருந்தார்கள் என்று சொல்ல ஆளில்லாமல் போகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சுவடு

சமூகத்தில் பலர் வெளியேறிய அந்தக் காலத்தில் இங்கேயே நிலைத்து நின்றவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் டேவிட் மார்ஷல். 1908ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த அவர், பாக்தாத் யூத மரபைச் சேர்ந்தவர். போர்க்காலத்தில் தொண்டூழியப் படையில் பணியாற்றினார். சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். போருக்குப் பின் புகழ்பெற்ற வழக்கறிஞரானார். 1955ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். முழுத் தன்னாட்சி கோரி லண்டனில் நடத்திய பேச்சுவார்த்தை வெற்றி பெறாததால், தாம் சொன்ன சொல்லைக் காத்து 1956ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதவி விலகினார்.

அவர் பதவியில் இருந்தது ஏறத்தாழ பதினான்கு மாதங்களே. எனினும், அவர் தொடங்கிய ஒரு வழக்கம் இன்றும் தொடர்கிறது. பொதுமக்கள் தம் குறைகளை நேரில் வந்து சொல்வதற்காக அவர் 1955ஆம் ஆண்டில் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியைத் தொடங்கினார். இன்று புக்கிட் பாஞ்சாங் உள்ளிட்ட எல்லாத் தொகுதிகளிலும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குடியிருப்பாளர்களை அவ்வாறே சந்திக்கிறார்கள். வீட்டுப் பிரச்சினை பற்றியோ வேலை பற்றியோ உதவி கேட்டு, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையில் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தொடக்கம் தெரியும்?

தமிழ் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. மார்ஷலின் ஆட்சிக்காலத்தில், 1955ஆம் ஆண்டில், சீனமொழிக் கல்வியை ஆராய அனைத்துக் கட்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிவழிக் கல்வியும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று அக்குழு அடுத்த ஆண்டில் பரிந்துரைத்தது. தமிழுக்குப் பள்ளியில் கிடைத்துள்ள இடத்திற்குப் பலருடைய உழைப்பு காரணம். அந்த நெடிய பாதையில் இதுவும் ஒரு படி.

நிலையங்களுக்கு அடியில்

யூதச் சமூகத்தின் சுவடுகள் எல்லாமே கண்ணுக்குத் தெரிபவை அல்ல. இன்று தோபி காட் பெருவிரைவு ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் முன்பு யூதர்களின் முதல் மயானம் இருந்தது. அது நிரம்பியதும் தாம்சன் சாலையில், இன்றைய நொவீனா நிலையப் பகுதியில், இரண்டாவது மயானம் அமைந்தது. 1980களில் ரயில் பாதைப் பணிகளுக்காகவும் நகர வளர்ச்சிக்காகவும் அந்த இரண்டு இடங்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அங்கிருந்த கல்லறைகள் சுவா சூ காங்கிற்கு மாற்றப்பட்டன. ஆகவே, மஹல்லாவில் வாழ்ந்து மறைந்த பலர் இன்று புக்கிட் பாஞ்சாங்கிற்கு மேற்கே, தீவின் மறுமுனையில் துயில்கின்றனர்.

நிலம் குறைந்த நாட்டில் இத்தகைய மாற்றம் யூதர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சீன, மலாய், இந்திய மயானங்களும் கம்பங்களும் கோயில்களும் இடம் மாறியிருக்கின்றன. வீடும் பள்ளியும் ரயிலும் வாழ்பவர்களுக்குத் தேவை. அதே வேளையில், எந்த இடத்தில் என்ன இருந்தது என்ற நினைவும் தேவை. இரண்டுக்கும் இடையே சமநிலை காண்பது எளிதன்று. அதைப் பற்றிச் சிந்தித்து முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் வருகிறது.

யார் நினைவில் வைப்பது?

இன்று சிங்கப்பூரில் யூதர்கள் இல்லாமல் போய்விடவில்லை. இரண்டு சினகாக்குகளிலும் வழிபாடு நடக்கிறது. வேலைக்காகப் பல நாடுகளிலிருந்து வந்த யூதர்களும் பழைய குடும்பங்களோடு சேர்ந்துள்ளனர். மகேன் அபோத் சினகாக்கின் பக்கத்தில் 2007ஆம் ஆண்டில் ஜேக்கப் பல்லாஸ் மையம் என்ற சமூக நிலையம் எழுந்தது. சிங்கப்பூர்ப் பூமலையில் உள்ள ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்திற்குச் சென்று விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். சிங்கப்பூரின் சமயங்களுக்கு இடையிலான அமைப்பில் இடம்பெற்றுள்ள பத்துச் சமயங்களில் யூத சமயமும் ஒன்று.

ஆனால், மஹல்லாவில் இப்போது வாழ்பவர்களும் கடை நடத்துபவர்களும் கல்லூரிகளுக்கு வந்து செல்பவர்களும் பெரும்பாலும் வேறு சமூகத்தினர். எலிசன் கட்டடத்தின் நட்சத்திரத்தை நாள்தோறும் கடந்து செல்பவர்கள் அவர்களே. அந்த நட்சத்திரத்தின் கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்களும் அவர்களே. ஒரு சமூகத்தின் மரபுடைமையை அச்சமூகத்தினர் மட்டுமே காக்க முடியாது. அக்கம்பக்கத்தாரும் அதைத் தம்முடையதாக எண்ணும்போதுதான் அது நிலைக்கும்.

இது தமிழர்களுக்கும் பொருந்தும். நீ சூனில் ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தஞ்சோங் பகார்த் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்களின் குடியிருப்புகள் பல இன்று இல்லை. அவற்றின் கதையை மலாய் மாணவரோ சீன மாணவரோ கேட்டு அறிந்துகொண்டால் தமிழர்கள் மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சியைப் பிறருக்கும் தரலாம். ஒரு பெயர்ப்பலகையின் முன் சற்று நின்று, இது யாருடைய பெயர் என்று கேட்பதே போதும்.

சிந்தித்து விடை காண்க

1. மஹல்லா வாட்டர்லூ ஸ்திரீட்டைச் சுற்றி அமைந்ததற்குச் சபாத் நெறி எவ்வாறு காரணமாயிற்று?

2. கட்டட முகப்புகளும் சாலைப் பெயர்களும் ஒரு சமூகத்தின் முழு வரலாற்றைச் சொல்வதில்லை என்பதற்குப் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. டேவிட் மார்ஷல் தொடங்கிய வழக்கம் இன்றைய குடியிருப்பாளர்களுக்கு எவ்வகையில் பயன்படுகிறது?

4. நகர வளர்ச்சிக்காக ஒரு பழைய இடத்தை அகற்ற நேர்ந்தால், அதன் நினைவைக் காக்க என்னென்ன செய்யலாம்? உங்கள் குழுவினருடன் கலந்துரையாடுக.

5. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சாலை ஒன்றின் பெயர்க் காரணத்தைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.